நின்றுபோன ஒத்திசைவு: ஒரு வீட்டுக் கணினியில் கூகுள் டிரைவைப் புதுப்பித்த விவரம்

கணினி இருப்பது பாளையங்கோட்டையில், என் பெரியப்பா வீட்டில். ஆறாம் தலைமுறை ஐ3 செயலி, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், 64 பிட் விண்டோஸ் 10. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அவருக்கு எல்லாமே அதில்தான்: ஓய்வூதியர் சங்கத்துக்கு எழுதும் மனுக்கள், கூட்ட அறிக்கைகள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் கல்யாணப் படங்கள். 2018-ல் அவருடைய மகள், எங்கள் அக்கா, அதில் கூகுளின் 'பேக்கப் அண்ட் சிங்க்' மென்பொருளை (கணினிக் கோப்புகளை கூகுள் டிரைவ் என்ற இணையச் சேமிப்பில் ஏற்றி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல வைத்திருப்பது, அதாவது ஒத்திசைப்பது) போட்டுக்கொடுத்துவிட்டு கோயம்புத்தூர் போய்விட்டார். 2024-ல் நான் அந்தக் கணினியைத் திறந்து பார்க்கும்போதும் அதே மென்பொருள்தான் இருந்தது. ஆனால் அந்த மென்பொருளில் 2021 அக்டோபர் 1-க்குப் பிறகு யாரும் உள்நுழையவே முடியாது. அதற்குப் பதிலாக 'டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்' என்ற வேறொன்றுக்கு மாறிக்கொள்ளச் சொல்லி கூகுள் அந்த வருடம் ஜூலையிலேயே அறிவித்துவிட்டது.

இது தெரியவந்ததே தற்செயலாகத்தான். ஓய்வூதிய நேர்காணலுக்காகக் கருவூலத்துக்குப் போன இடத்தில், ஓய்வூதியப் புத்தகத்தின் புதிய ஸ்கேனைப் போனில் தேடியிருக்கிறார். இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கணினியில் அழகாக இருக்கிறது. "அது தானா மேல ஏறிட்டுல்லா இருக்கு" என்றுதான் அவர் அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படி நினைக்க முழுக் காரணமும் இருந்தது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடது ஓரத்தில் 'கூகுள் டிரைவ்' என்ற ஃபோல்டர் அதே இடத்தில், அதே பெயரில், அதே முக்கோண ஐகானோடு இருந்தது. திறந்தால் திறக்கும், சேமித்தால் சேமிக்கும். பின்னால் இழுத்துக்கொண்டு போகிற ஆள் மட்டும் இல்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியை அமுக்கினால்தான் ஒளிந்திருக்கும் ஐகான்கள் தெரியும். அங்கே போய் மேக ஐகானைத் தொட்டால் உள்நுழையச் சொன்னது, நுழைய முயன்றால் விடவில்லை. அந்த அம்புக்குறியைப் பெரியப்பா ஒரு தடவைகூட அமுக்கியதில்லை. எதற்கு அமுக்க வேண்டும்?

அறிவிப்பு வரவில்லை என்று சொல்ல முடியாது. மென்பொருளுக்குள்ளேயும் காட்டினார்கள், மின்னஞ்சலும் அனுப்பினார்கள். ஆனால் கணினியில் போட்டிருந்தது அக்கா அதற்கென்றே தொடங்கிய ஜிமெயில் கணக்கு. பெரியப்பா போனில் இருப்பது வேறு கணக்கு. டிரைவ் ஆப்பில் மட்டும் கணினிக் கணக்கையும் சேர்த்து வைத்திருந்தார்கள், அதன் அஞ்சலை யாரும் திறப்பதில்லை. அக்கா எப்போதாவது அந்தக் கணக்கில் நுழைந்து இடத்தைக் காலி செய்வதோடு சரி. அந்த 'எப்போதாவது' ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது. இரண்டு வருடம் தொடப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் தொடங்கியது. அக்கா இடையிடையே நுழையாமல் இருந்திருந்தால் கணக்கே போயிருக்கக்கூடும்.

பத்து வருடத்துக்குள் கூகுள் இந்த வேலைக்கு மூன்று மென்பொருள் கொடுத்திருக்கிறது. 2012 ஏப்ரலில் டிரைவ் வந்தபோது ஒன்று. 2017 ஜூலையில் அதன் இடத்துக்கு 'பேக்கப் அண்ட் சிங்க்' வந்தது, முந்தையது 2018 மார்ச்சில் நின்றது. 2021-ல் மூன்றாவது. ஒவ்வொன்றும் தனக்குள் தானாகவே பதிப்பை ஏற்றிக்கொள்ளும். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கு ஆள் உட்கார்ந்து சம்மதம் சொல்லியாக வேண்டும். 'எல்லாம் தானா அப்டேட் ஆகிடும்' என்று நம்பும் வீடுகள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இரண்டு பக்கமும் நடந்தவை

அக்காவின் முதல் யோசனை, புதியதை இறக்கி நிறுவி, பழைய அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்பது. 2021-லேயே செய்திருந்தால் அதுதான் சரி. புதிய மென்பொருள் பழையதைக் கண்டுபிடித்து, அதன் ஃபோல்டரையே பயன்படுத்திக்கொள்ள வழிகாட்டும். வலைக்கும் கணினிக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. ஆனால் இங்கே மூன்று வருடம் போல இரண்டு பக்கமும் அதனதன் வழியில் நடந்திருக்கின்றன. அதனால் எதையும் நிறுவுவதற்கு முன் ரௌட்டரிலிருந்து வரும் வயரைக் கணினியிலிருந்து பிடுங்கிவிட்டு, வலைப்பக்கத்தை மட்டும் என் மடிக்கணினியில் திறந்துவைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்ன மாறியது என்று அக்காவிடம் போனில் கேட்டுக்கேட்டு எழுதினேன்.

கணினிப் பக்கம் எளிது. 2021 அக்டோபருக்குப் பிறகு தட்டச்சு செய்தவை, ஸ்கேன் செய்தவை எல்லாம் அங்கே மட்டும். வலையில் 'கம்ப்யூட்டர்ஸ்' பகுதிக்குள் இருந்த டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் கடைசிக் கோப்பு 2021 செப்டம்பர் கடைசியைச் சேர்ந்தது.

வலைப் பக்கம்தான் சிக்கல். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜிபி. இடம் நிரம்புகிறது என்று எச்சரிக்கை வரவர அக்கா கோயம்புத்தூரிலிருந்து நீக்கிக்கொண்டே வந்திருக்கிறார். கல்யாண வீடியோக்கள் போயின. கூடவே, பெரியப்பாவின் பழைய மனுக்கள் ஒரு ஃபோல்டரும் போயிருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாம் கரப்ட் ஆகியிருந்துச்சு, வெறும் இங்கிலீஷ் எழுத்தா கன்னாபின்னான்னு வந்துச்சு" என்றார்.

கோப்புகளில் ஒரு குறையும் இல்லை. அவை பாமினியிலும் வானவில் அவ்வையாரிலும் அடித்தவை. அந்த வகை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஏமாற்றுகிறவை. அந்த எழுத்துரு உள்ள கணினியில் திறந்தால் தமிழ், இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. டிரைவின் முன்னோட்டத்தில் அந்த எழுத்துரு இல்லை, அக்காவின் போனிலும் இல்லை. தமிழ் எழுத்துக்கே தனி இடம் தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டாலும், அதற்கு முன் அடித்துவைத்த கோப்புகள் இப்படி எத்தனை வீட்டு டிஸ்க்கில் தூங்குகின்றனவோ.

டிரைவின் குப்பைத்தொட்டிக்கு 30 நாள்தான் ஆயுள். 2020 அக்டோபர் வரை நாமாகக் காலி செய்யும்வரை கிடக்கும், அதன் பிறகு தானாகவே அழிந்துவிடும். எனவே வலையில் அந்த மனுக்கள் மீட்க முடியாதபடி போய்விட்டன. கணினியில் மட்டும் பத்திரமாக இருந்தன. ஒத்திசைவு ஓடியிருந்தால் இருந்திருக்குமா என்றால், அது அமைப்பைப் பொறுத்தது. மனுக்கள் இருந்தது 'மை டிரைவ்' ஃபோல்டரில் (கணினியில் 'கூகுள் டிரைவ்' என்று தெரிவது), அது இருவழிப் பாதை. மேலே அழித்தால் கீழேயும் அழியத்தான் வாய்ப்பு. ஆக, செத்துப்போன மென்பொருள்தான் அவற்றைக் காப்பாற்றியிருக்கக்கூடும். அவசரமாகப் புதியதை நிறுவி, 'பழையதை அப்படியே தொடர்' என்று சொல்லியிருந்தால், மூன்று வருட நீக்கங்கள் ஒட்டுமொத்தமாகக் கீழே இறங்கியிருக்கலாம். அல்லது அதற்கு நேரெதிராக, அக்கா நீக்கிய வீடியோக்கள் எல்லாம் புதுக் கோப்புகள் என்று மறுபடி மேலே ஏறி 15 ஜிபியை அடைத்திருக்கலாம். அடைத்தால் அந்தக் கணக்குக்கு மின்னஞ்சல்கூட வராது. இரண்டில் எது நடக்கும் என்று சோதித்துப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை.

இன்னொரு பழக்கமும் குறுக்கே நின்றது. 'பேக்கப் அண்ட் சிங்க்' அமைப்பில், ஒரு பக்கம் நீக்கினால் மறுபக்கமும் நீக்கலாமா, வேண்டாமா, கேட்டுச் செய்யவா என்று மூன்று தேர்வுகள் இருந்தன. அக்கா 2018-ல் 'வேண்டாம்' என்று வைத்திருந்தார். அதை நம்பி, டிஸ்க் நிறையும்போதெல்லாம் டாக்குமென்ட்ஸிலிருந்து பழைய ஸ்கேன்களைப் பெரியப்பா நீக்கிவிடுவார். மேலேதான் ஒன்று இருக்கிறதே. 'டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்'பில் அந்தத் தேர்வே கிடையாது. ஒத்திசைக்கச் சொன்ன ஃபோல்டரில் இங்கே நீக்கினால் அங்கேயும் போகும். அவருக்கு இது பதிப்பு எண் மாறுகிற விஷயமாகத்தான் தெரிந்தது, ஆனால் மாறப்போவது டெலீட் பட்டனின் வேலை. எனக்கு இந்த ஆய்வில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது.

செய்தது

முதலில் நகல். கணினியில் இருந்த 'கூகுள் டிரைவ்', டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் நான்கையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு முழுதாக எடுத்தோம். வலையில் இருப்பதை, கணக்கில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகத் தனியாக இறக்கினேன். இந்த இரண்டாவதை நிறையப் பேர் செய்வதில்லை. கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் கோப்புகள் கணினி ஃபோல்டரில் தெரியும், ஆனால் அங்கே இருப்பது வலை முகவரியைச் சுமக்கும் ஒரு துணுக்கு மட்டும்தான். ஒரு கிலோபைட்கூட இருக்காது. அதைப் பென் டிரைவில் ஏற்றிப் பத்திரப்படுத்தினால், பத்திரப்படுவது வெறும் முகவரி. டேக்அவுட்டில் எடுத்தால்தான் அவை வேர்டு, எக்செல் கோப்புகளாகக் கையில் வரும். இறக்குவதற்கான இணைப்பு ஒரு வாரம் போலத்தான் உயிரோடு இருக்கும், அதனால் கேட்டு வைத்துவிட்டு மறந்துவிடக்கூடாது.

இந்த இடத்தில்தான் ஒரு நிஜ இழப்பும் தெரிந்தது. அக்கா கல்யாண மொய்க் கணக்கைப் பெரியம்மா பேரன் ஒருவன் கூகுள் ஷீட்டில் ஏற்றியிருந்தான். கணினியில் அந்தப் பெயர் இருந்தது. திறந்தால் 'அப்படிக் கோப்பு இல்லை' என்றது. இடம் காலி செய்யும் வேட்டையில் அதுவும் போயிருக்கிறது. இதில் வேடிக்கை, 2021 ஜூன் 1-க்கு முன் உருவாகி அதன் பிறகு திருத்தப்படாத ஷீட்ஸ் கோப்புகள் அந்த 15 ஜிபி கணக்கிலேயே சேர்வதில்லை. நீக்கியதால் ஒரு துளி இடமும் மிச்சமாகவில்லை. பெரியம்மா பதறவில்லை, பீரோவிலிருந்து மொய் நோட்டை எடுத்துக் காட்டிவிட்டுப் போனார்.

அடுத்தது, கணினியில் மட்டுமே இருக்கும் கோப்புகளைப் பிரித்தெடுப்பது. திருத்திய தேதிப்படி வரிசைப்படுத்தினால் போதும் என்று தோன்றும், போதாது. போனிலிருந்தோ கேமரா கார்டிலிருந்தோ நகலெடுத்த படத்துக்கு விண்டோஸ் பழைய திருத்திய தேதியையே வைத்திருக்கும். 2016-ல் எடுத்த படத்தை 2023-ல் கணினிக்குக் கொண்டுவந்திருந்தால், திருத்திய தேதி 2016 என்றுதான் காட்டும். ஆனால் நகலெடுத்த நாள், 'உருவான தேதி' என்ற வேறொரு நெடுவரிசையில் பதிவாகும். எக்ஸ்ப்ளோரரில் அது வழக்கமாக மறைந்திருக்கும். நெடுவரிசைத் தலைப்பில் ரைட் கிளிக் செய்து 'டேட் கிரியேட்டட்' என்பதைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு தேதியில் ஏதாவது ஒன்று 2021 அக்டோபருக்குப் பிந்தியதாக இருந்தால் தனி ஃபோல்டருக்கு என்று ஒதுக்கினோம். ஓய்வூதியப் புத்தக ஸ்கேன் அப்படித்தான் வந்து சேர்ந்தது. அழிக்கப்பட்ட மனுக்கள் தேதிக்குள் மாட்டாது என்பதால், அவற்றைப் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபோல்டராகச் சொல்லச் சொல்ல எடுத்து வைத்தேன்.

அப்புறம்தான் மென்பொருள். 'பேக்கப் அண்ட் சிங்க்'கை அன்இன்ஸ்டால் செய்தால் உள்ளூர்க் கோப்புகள் அழியாது, மென்பொருள் மட்டும் போகும். பழைய 'கூகுள் டிரைவ்' ஃபோல்டரின் பெயரை 'பழைய டிரைவ் 2021' என்று மாற்றிவைத்தோம், புதியது அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க. நிறுவும் கோப்பை கூகுளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்து கண்ட கண்டதை இறக்கிக்கொள்கிறவர்கள் நிறைய. உங்கள் வீட்டில் இருப்பது 32 பிட் விண்டோஸோ, விண்டோஸ் 8.1-ஓ என்றால் இந்தப் படியிலேயே நின்றுவிடும், 2023 ஆகஸ்டில் அவற்றுக்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். பெரியப்பா கணினிக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை.

நிறுவியதும் வரும் கேள்வி, 'ஸ்ட்ரீம்' வேண்டுமா 'மிரர்' வேண்டுமா என்பது. மிரர் என்றால் எல்லாக் கோப்பும் டிஸ்க்கிலும் வலையிலும் முழுதாக இருக்கும், பழைய மென்பொருள் செய்தது போல. ஸ்ட்ரீம் என்றால் ஜி என்ற எழுத்தோடு ஒரு புது டிரைவ் தோன்றும். கோப்புகள் வலையில் இருக்கும், திறக்கும்போது இறங்கும். நாங்கள் ஸ்ட்ரீமை எடுத்தோம். இது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. இணையம் அடிக்கடி போகும் இடத்தில் ஸ்ட்ரீம் எரிச்சலூட்டும், தேவையான ஃபோல்டரை மட்டும் 'ஆஃப்லைனில் வை' என்று குறித்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். எங்களுக்கு அது பிடித்ததற்குக் காரணம், ஜி டிரைவில் இருப்பது வலையில் இருப்பதுதான் என்று பெரியப்பாவுக்குக் கண்ணால் தெரியும். சி டிரைவில் ஒரு நகல், மேலே ஒரு நகல், எது அசல் என்ற குழப்பம் இல்லை. பிறகு ஒதுக்கிவைத்த கோப்புகளை ஒரே திசையில், கணினியிலிருந்து ஜி டிரைவுக்கு, கையாலேயே நகலெடுத்தோம். வீடியோக்களை ஏற்றவில்லை, அவை வெளி டிஸ்க்கிலேயே இருக்கட்டும் என்று முடிவு.

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒத்திசைவில் சேர்ப்பதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது: மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் அதே ஃபோல்டரைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று. அதன் பேக்கப் வசதி ஓடினால் டாக்குமென்ட்ஸும் டெஸ்க்டாப்பும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் இன்னொரு மென்பொருளையும் அதே இடத்தில் ஏவிவிட்டால், எந்த மாற்றம் யாரால் வந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. டாக்குமென்ட்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'லொகேஷன்' பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே அது பழைய இடத்திலேயே இருந்தது.

புதியது என்பதாலேயே நம்பிவிட முடியாது

புதுப்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு 2023 நவம்பரை நினைவூட்டலாம். டிரைவ் ஃபார் டெஸ்க்டாப் பயனர்கள் சிலருக்கு மாதக்கணக்கான கோப்புகள் திடீரெனக் காணாமல் போயின. 84.0.0.0 முதல் 84.0.4.0 வரையிலான பதிப்புகளில், பயனர்களில் ஒரு சிறு பகுதியினருக்குச் சிக்கல் என்று கூகுள் ஒப்புக்கொண்டது. அப்போது சொன்ன அறிவுரை கவனிக்கத்தக்கது: கணக்கைத் துண்டிக்காதீர்கள், பயனரின் ஆப்டேட்டாவுக்குள் (விண்டோஸில் மென்பொருள்கள் தங்கள் கோப்புகளை வைத்துக்கொள்ளும் மறைவான இடம்) டிரைவ் வைத்திருக்கும் ஃபோல்டரை நீக்கவோ நகர்த்தவோ வேண்டாம். டிசம்பரில் 85.0.13.0 பதிப்போடு மீட்புக் கருவி ஒன்று வந்தது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு செட்டிங்ஸைத் திறந்தால், நகலிலிருந்து மீட்கும் தேர்வு காட்டும்.

அந்த ஃபோல்டருக்கு ஏன் அத்தனை மரியாதை? ஜி டிரைவில் சேமித்த கோப்பு உடனே வலைக்குப் போய்விடுவதில்லை. ஏறி முடியும்வரை அது உண்மையில் இருப்பது அந்த ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்தான். கணினி மெதுவாக இருக்கிறது என்று, தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் 'கேஷ் கிளீனர்' வகையறாவை ஓட்டுகிறவர்களும், கோளாறு வந்ததும் கணக்கைத் துண்டித்துவிட்டு மறுபடி சேர்க்கிறவர்களும் அதையே இழந்துவிடக்கூடும்.

பெரியப்பாவின் பழக்கத்தில் இது நேராக வந்து மோதியது. அவர் ஷட் டவுன் கொடுத்த கையோடு சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவார். பெரிய ஸ்கேன் ஒன்று பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது அப்படி அணைத்தால், மறுநாள் கணினியைப் போடும்வரை அது போனில் தெரியாது. அதனால் டிரைவ் ஐகானை அம்புக்குறிக்குள்ளிருந்து இழுத்து, கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே வெளியே வைத்துவிட்டேன். சுழன்றுகொண்டிருந்தால் பொறுக்க வேண்டும், அமைதியாக இருந்தால் அணைக்கலாம். அதை அமுக்கினால் கடைசியாக ஏறிய கோப்பின் பெயரும் நேரமும் வரும். "இதத்தான் அப்பவே சொல்லிருக்கணும்லா" என்று அக்காவைப் போனில் ஒரு பிடி பிடித்தார்.

இப்போதுள்ள நிலை இது. கணினிக்கென்று வைத்திருந்த கணக்கின் அஞ்சல்கள் பெரியப்பாவின் போனுக்கு ஃபார்வேர்டு ஆகின்றன. 'பழைய டிரைவ் 2021' ஃபோல்டர் இன்னும் நீக்கப்படவில்லை, வெளி டிஸ்க்கிலும் ஒரு பிரதி இருக்கிறது. அந்த டிஸ்க் டிரைவோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பீரோவில் மொய் நோட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும், மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துச் செருகி நகலெடுக்கிறார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இந்தச் செயலி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதல்ல. டிரைவ் இன்றைக்கு ஓடுகிறது, ஆனால் பழைய விண்டோஸ்களுக்கு நடந்தது இதற்கும் ஒருநாள் நடக்கும், அதற்குள் கணினியை மாற்றியாக வேண்டும்.

மனுக்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலையைப் பெரியப்பாவே தொடங்கிவிட்டார். மாற்றி எழுதும் கருவியில் ஒட்டி எடுத்தபின் ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று வரிவரியாகப் படித்துத் திருத்துகிறார். 2009 வரைக்கும் வந்திருக்கிறது.